எல்கேஜி, யுகேஜி பிள்ளைக்குக் கணக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்? கடலூர்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கடலூரில் மழலையர் வகுப்பு எடுக்கிறவள் நான். பள்ளி விடும் நேரத்தில் கேட் பக்கம் நின்றபடியே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுவேன். மீதி ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். மஞ்சக்குப்பமோ முதுநகரோ பாகூரோ, எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யுகேஜி முடிக்கும்போது என்னதான் தெரிந்திருக்க வேண்டும்?

அரசு எழுதி வைத்திருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டான பாலவாடிகாவுக்குக் கணக்கில் வைத்திருக்கும் இலக்கு இரண்டே வரி. 10 வரையுள்ள எண்களை அடையாளம் கண்டு வாசிக்க வேண்டும். எண், பொருள், வடிவம், நடந்த நிகழ்ச்சி இவற்றை வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். 99 வரை படிப்பதும் எழுதுவதும், எளிய கூட்டல் கழித்தலும் ஒன்றாம் வகுப்பு முடியும்போதுதான். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது. அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். “வெறும் பத்தா? எம் பொண்ணு எல்கேஜியிலயே நூறு வரைக்கும் சொல்லுவா மிஸ்” என்பார்கள்.

நான் வகுப்பில் பார்ப்பது இவற்றைத்தான்: பத்துப் பொருளைச் சரியாக எண்ணுகிறதா, கேட்ட அளவை எண்ணி எடுத்துத் தருகிறதா, இரண்டு குவியலில் எது அதிகம் என்று சொல்கிறதா, 7க்கு அடுத்து என்ன, முன்னால் என்ன என்று தெரிகிறதா, ஐந்தைப் பலவிதமாகப் பிரிக்கிறதா. கூடவே நீளம், கனம், வடிவம், நேற்று, இன்று, நாளை. இவ்வளவும் உறுதியாக இருந்தால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

நூறு வரை கடகடவென்று சொல்கிறானே, எண்ணத் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

சொல்வது வேறு, எண்ணுவது வேறு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏழு புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று ஏழு வரை போவான். உடனே “அப்போ எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். சில பிள்ளைகள் “ஏழு” என்பார்கள். சிலர் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். “எத்தனை” என்று கேட்டால் இன்னொரு தடவை எண்ணிக் காட்டச் சொல்கிறார்கள் என்றுதான் அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் குவியலின் அளவு என்பது இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த சோதனை இதைவிடக் கடினம். ஒரு கிண்ணம் நிறையக் கொட்டை வைத்து “எனக்கு ஆறு எடுத்துக் குடு” என்று கேளுங்கள். இருபது வரை தப்பில்லாமல் சொல்லும் பிள்ளை ஒரு கை அள்ளி உங்கள் மடியில் போட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஆறில் நிறுத்த வேண்டும் என்பதை மனதில் பிடித்துக்கொண்டே எண்ண வேண்டும். மூன்றரை, நான்கு வயதில் அது பெரிய வேலை.

ரோசெல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் இதைப் பிரித்து எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்ணே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே. இந்த ஐந்தும் ஒரே நாளில் வராது. ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும்.

வரிசையாக வைத்ததை எண்ண வந்த பிறகு, சுற்றி நிற்பதை எண்ணக் கொடுங்கள். புதுச்சேரி கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல் தூண்கள் நிற்கும். பிள்ளையை எண்ணச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். பல பிள்ளைகள் எட்டில் நிற்காமல் ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருப்பார்கள், எங்கே ஆரம்பித்தோம் என்று குறித்து வைக்காததால். நீங்கள் திருத்த வேண்டாம். “முதல்ல எந்தத் தூணைத் தொட்ட?” என்று மட்டும் கேளுங்கள். அடுத்த சுற்றில் முதல் தூணடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற பிள்ளை, நோட்டில் நூறு எழுதிய பிள்ளையைவிட ஒரு படி மேலே இருக்கிறது என்பேன்.

இணையத்தில் கிடைத்த பட்டியலில் ‘கிண்டர்கார்டனில் 100 வரை எண்ண வேண்டும்’ என்றுதானே போட்டிருக்கிறது?

போட்டிருக்கிறது. அது அமெரிக்கப் பட்டியல். அங்கே பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரம் 2010இல் வெளிவந்தது. கிண்டர்கார்டன் முடிவில் ஒவ்வொன்றாகவும் பத்துப் பத்தாகவும் 100 வரை சொல்வது, 0 முதல் 20 வரை எழுதுவது, 10க்குள் கூட்டல் கழித்தல், அதில் 5க்குள் தடுமாறாமல் போடுவது, 11 முதல் 19 வரையுள்ள எண்களைப் பத்தும் சில்லறையுமாகப் பிரிப்பது என்று அதில் இருக்கிறது.

ஆனால் வயதைப் பாருங்கள். அங்கே ஐந்து வயதில் கிண்டர்கார்டன் சேர்ந்து ஆறை ஒட்டி முடிக்கிறார்கள். நம் பக்கம் மூன்று வயதில் எல்கேஜி, நான்கில் யுகேஜி, ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆக அவர்களுடைய கிண்டர்கார்டன் பிள்ளையும் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும்தான் ஒரே வயது. அந்தப் பட்டியலை அச்செடுத்து நாலரை வயது யுகேஜி பிள்ளைக்கு வைத்தால், ஒரு வருஷம் முன்னாலேயே பரீட்சை வைத்த மாதிரி. இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் எத்தனை வீட்டில் சண்டை நடக்கிறது என்று நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

புதுச்சேரியில் சேர்த்தால் வேறு மாதிரியா?

அங்கே அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தள நிலை என்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து. புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டிப் பள்ளி மாற்றுவதாக இருந்தால் பாடத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் பிறந்த தேதியைச் சொல்லி எந்த வகுப்பில் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்கேஜி, யுகேஜி என்றாலே தனியார் பள்ளிதான் என்று இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களிலும் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள்.

எழுத வேண்டும் என்றாலே அழுகிறாள். தினமும் 1 முதல் 100 வரை எழுதி வரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு இல்லை, விரல்கள்தான். நான்கு வயதில் பென்சிலைப் பிடித்து ஒரு சிறு கட்டத்துக்குள் 8 போடுவதற்கு வேண்டிய பலம் பல பிள்ளைகளுக்கு வந்திருக்காது. சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், பூ கோக்கட்டும். அவையெல்லாம் எழுத்துக்கான பயிற்சிதான்.

எண்ணின் உருவம் கையில் ஏறுவதற்குத் தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி விரலால் எழுத விடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிய வழக்கம்தான் இது. மாண்டிசோரி முறையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவிப் பார்க்க விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்தில் இருக்கும்போது நமக்கு உப்புத்தாள்கூடத் தேவையில்லை. ஈர மணலில் ஆளுயரத்துக்கு ஒரு 5 போட்டு, அதன்மேல் ஓடச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் பற்றி: 2020இல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மழலையர் வகுப்புக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்கிறது. நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். பள்ளியில் சண்டை போட வேண்டாம். “மிஸ், பத்து வரைக்கும் எழுதட்டும், மிச்சத்தை எண்ணிக் காட்டட்டும்” என்று பேசிப் பாருங்கள். எங்களில் பலரும் மேலே இருப்பவர்களுக்காகத்தான் நோட்டை நிரப்புகிறோம். பெற்றோரே கேட்டால் எங்களுக்கும் நிம்மதி. உங்கள் கையால் எழுதி நிரப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம். அந்த ‘4’ யாருடையது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போடுகிறான். கற்றல் குறைபாடா?

இந்த வயதில் மிகச் சாதாரணம். ஒரு டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான் என்று இத்தனை நாள் கற்ற மூளைக்கு, எண்ணை மட்டும் திருப்பக் கூடாது என்பது புது விதி. ஆறு, ஏழு வயதுக்குள் தானாகச் சரியாகும். அடித்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் சரியாக ஒன்று எழுதி வைத்தால் போதும்.

எண்ணுவது தமிழிலா, இங்கிலீஷிலா?

வீட்டில் பேசுகிற மொழியில். அளவு என்ற எண்ணம் ஒரு தடவை பதிந்தால், அதற்கு இங்கிலீஷ் பெயர் ஒட்டுவது சில வாரத்து வேலை. தலைகீழாகச் செய்தால் பெயர்தான் இருக்கும், அளவு இருக்காது. பதினாறு என்றால் பத்து முன்னால், ஆறு பின்னால். எழுதுவதும் அப்படியே 16. ‘சிக்ஸ்டீன்’ என்பதில் ஆறு முதலில் காதில் விழுகிறது. 61 என்று எழுதிவிட்டு முழிக்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். தமிழிலும் இடறும் இடம் உண்டு. எண்பத்தொன்பது தாண்டித் தொண்ணூறு என்றதும், நூறு வந்துவிட்டது என்று கைதட்டி முடித்துவிடுவார்கள்.

விரல் விட்டு எண்ணுவதை நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். கூடவே பிறந்த பத்துக் கொட்டை அது. தேவை தீர்ந்ததும் தானாக விட்டுவிடுவார்கள்.

கூட்டல், கழித்தல் எப்போது ஆரம்பிப்பது?

குறி போடுவதற்கு அவசரமே இல்லை. கூட்டல் அதற்கு முன்னாலேயே வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. “அப்பாவுக்கு மூணு இட்லி, உனக்கு ரெண்டு, ஆக மொத்தம் எத்தனை எடுக்கட்டும்?” என்று கேட்டால் அது கூட்டல். தட்டில் ஐந்து வைத்து, இரண்டு தின்ற பிறகு “இப்போ எத்தனை?” என்றால் கழித்தல். கடைசி இட்லியும் போனபின் “இப்போ?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்ல” என்பான். அதுதான் பூஜ்யம் என்று அப்போதே சொல்லிவிடலாம். ஏட்டில் 0 எழுதிச் சொல்லிக் கொடுப்பதைவிடச் சட்டென்று ஏறும்.

நான் அதிக நேரம் செலவிடுவது ஐந்தைப் பிரிப்பதில். ஐந்து கொட்டையைக் காட்டிவிட்டு, கொஞ்சத்தை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, மீதியைக் காட்டி “கைக்குள்ள எத்தனை?” என்று கேட்பேன். மூன்று வெளியே இருந்தால் உள்ளே இரண்டு. முதலில் என் விரலைப் பிரித்துப் பார்க்கத்தான் வருவார்கள். கொஞ்ச நாளில் பார்க்காமலே சொல்வார்கள். ஐந்து இப்படிப் பழகிய பிறகு பத்து. ‘2 + 3 = 5’ என்று எழுதிக் காட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வடிவம், அளவு, வரிசை என்று பாடத்திட்டத்தில் இருக்கிறதே, அதெல்லாம் கணக்கா?

பாதிக் கணக்கு அதுதான். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறோம்.

மார்கழியில் வாசலில் ஆயா, அதாவது பாட்டி, கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்து புள்ளி, மூன்று வரை, ஊடுபுள்ளி என்றால் நடுவரிசையில் 5, அதற்கு மேலும் கீழும் 4, பிறகு 3. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைகிறது, புள்ளி இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுகிறது. அதையே ஒன்று வரை நேர்ப்புள்ளியாக வைத்தால் 5, 3, 1, இரண்டிரண்டாகக் குறையும். “அடுத்த வரிசைக்கு எத்தனை புள்ளி?” என்று ஆயா கேட்டால் போதும், வரிசையும் ஒன்று குறைவும் ஒரே கேள்வியில் வந்துவிடுகின்றன. ஊடுபுள்ளிக் கோலத்தில் மொத்தம் 19 புள்ளி, நேர்ப்புள்ளியில் 13. யுகேஜி பிள்ளை இரண்டையும் தொட்டு எண்ணி எது அதிகம் என்று சொல்லலாம். கம்பி சுற்றுவதை ஆயாவே பார்த்துக்கொள்ளட்டும்.

அளப்பதற்கு ஸ்கேல் இன்னும் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் பூ வாங்கும்போது பூக்காரம்மா முழம் போடுவதைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து அதே சரத்தைப் பிள்ளை தன் கையால் முழம் போடட்டும். பூக்காரம்மா கையில் இரண்டு முழம், பிள்ளை கையில் மூன்றுக்கும் மேலே போகும். “பூ வளர்ந்துடுச்சா?” என்று கேளுங்கள். கை சின்னதாக இருந்தால் எண்ணிக்கை கூடும் என்பதை அது தானாகச் சொல்லும் நாள், அளவுகோல் எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

வடிவத்தில் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் முக்கோணம் எப்போதும் கூம்பு மேலே பார்க்க நிற்கும். அதைத் தலைகீழாகக் காட்டினால் பல பிள்ளைகள் முக்கோணம் இல்லை என்பார்கள். சமோசா, மடித்த கைக்குட்டை என்று எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டிப் பக்கங்களை எண்ண விடுங்கள். உருளை, உருண்டை, பெட்டி இவற்றையும் சமையலறையிலேயே பார்த்துவிடலாம்.

காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பலாமா?

கூட அழைத்துப் போங்கள். ஆனால் இந்த வயதில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைவிட இரண்டு ஒரு ரூபாய் நாணயம்தான் ‘அதிகம்’. இப்போதுதான் எண்ணக் கற்ற பிள்ளை நாணயத்தைத்தான் எண்ணும், மதிப்பை எண்ணாது. அது சரியான எண்ணிக்கைதான். காசுக் கணக்கு ஒன்றாம் வகுப்புக்கு மேல்.

என்ன வாங்க வேண்டும்? எந்த ஆப் நல்லது?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். புளியங்கொட்டை, பாட்டில் மூடி, ஈர்க்குச்சி, முட்டை அட்டை. பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒரு பத்து. கூட மூன்று உதிரிக் குச்சி வைத்தால் 13. பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. 14 குழி, குழிக்கு ஒரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பழக்கத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. பரமபதம் விளையாடினால் பகடையில் இருக்கும் புள்ளியை எண்ணாமலே பார்த்துச் சொல்லும் திறமையும் வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பண்ருட்டிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது என்று ஓடு உடைக்காத பச்சை முந்திரிக்கொட்டையை எண்ணக் கொடுக்காதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையும் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், வாயில் போட்டு மூச்சை அடைத்துவிடும்.

ஆப் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. திரையில் தட்டினால் ஆறு ஆப்பிள் தானாக வந்து விழுகிறது. எடுத்து நகர்த்தி நிறுத்துகிற வேலை பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

எப்போது கவலைப்படலாம்?

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வேண்டாம். யுகேஜி முடியும் சமயத்திலும், வீட்டில் தினம் பழகிய பிறகும், ஐந்து பொருளைத் தொட்டு எண்ண வரவில்லை, மூன்றும் எட்டுமாக இருக்கும் இரண்டு குவியலில் எது அதிகம் என்று தெரியவில்லை, கூடவே பேச்சும் சொன்னதைப் புரிந்துகொள்வதும் தாமதமாக இருக்கிறது என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது, அந்தக் குழு வரும்போதும் சொல்லலாம். ஐந்து வயதில் கணக்குக் குறைபாடு என்று யாராவது முத்திரை குத்தினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதைத் தீர்மானிக்க இன்னும் வயதிருக்கிறது.

அபாகஸ் வகுப்பு எங்கள் தெருவிலேயே வந்திருக்கிறது. நாலரை வயது. சேர்க்கலாமா?

கிண்ணத்திலிருந்து ஆறு எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஆறு வந்தால், அடுத்த வருஷம் யோசிக்கலாம். ஒரு கை அள்ளிப் போட்டால், அந்தப் பணத்தில் ஒரு பல்லாங்குழி வாங்குங்கள், மிச்சமும் இருக்கும்.